காயிலை வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

"ஐயா, வீரபாண்டி பக்கத்தில் எனக்கு இரண்டேகால் ஏக்கர். கீரையும் வெண்டையும் போட்டு, விடிகாலையில் தென்னம்பாளையம் உழவர் சந்தைக்குக் கொண்டு போகிறேன். அதற்காக 2012 மாடல் பெட்ரோல் வேகன் ஆர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, பின் சீட்டை மடக்கிவிட்டு ஓட்டுகிறேன். பத்து நாளாக வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. மேட்டில் இழுக்கவில்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் மூன்று காயிலையும் மாற்றச் சொன்னார். ஒன்றை மட்டும் மாற்றினேன். நான்கு நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே குலுக்கல். பானட்டைத் திறந்தால் எலிப்புழுக்கை கிடக்கிறது. நானே கழற்றி மாட்ட முடியுமா? எலிக்கு என்ன செய்வது?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வீரபாண்டி, திருப்பூர் மாவட்டம்.

பயிர், உரம், மானியம் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே கார் பானட்டைத் திறந்து காட்டுகிற கடிதம் இது. ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை. எலி என்று வந்துவிட்டால் அது எங்கள் துறை வேலைதான். தவிர, காயில் என்பது இன்றைக்குக் காரில் மட்டும் இருக்கிற பொருள் இல்லை. உங்கள் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் இருக்கிறது, புல் வெட்டும் கருவியில் இருக்கிறது, முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரில் இருக்கிறது. இதே தபாலில் பொங்கலூர்ப் பக்கமிருந்து ஸ்பிரேயர் காயில் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அதையும் கடைசியில் பார்ப்போம்.

முதலில் உங்கள் கேள்விக்கு விடை. காயிலை நீங்களே கழற்றி மாட்டலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் மீதி இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். எலிப்புழுக்கை கிடக்கிறது, புதுக் காயில் போட்டும் நான்கு நாளில் பழையபடி ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் குற்றம் ஒயரில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பிறகு ஏன் நான்கு நாள் ஓடியது? கனெக்டரைக் கழற்றி மாட்டியபோது, பாதி அறுந்திருந்த ஒயர் கொஞ்சம் நகர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும். சந்தைக்குப் போய்வந்த குலுக்கலில் மறுபடி விட்டுவிட்டது.

காயில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். பிளக்கின் நுனியில் பொறி பறக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காயிலுக்குள் ஒரே இரும்பைச் சுற்றி இரண்டு கம்பிச் சுற்று இருக்கிறது. ஒன்று கொஞ்சம் தடித்த கம்பியில் குறைந்த சுற்று, மற்றது தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. முதல் சுற்றில் கரண்டை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தினால் இரண்டாவது சுற்றில் பெரிய வோல்ட்டேஜ் எழும்பும். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தண்ணீர் வேகமாக ஓடும்போது கேட் வால்வைப் படக்கென்று மூடினால் குழாயே அதிர்ந்து, சில சமயம் இணைப்பே தெறித்துப்போகிறது அல்லவா? அதே கதைதான். அங்கே தண்ணீர், இங்கே கரண்ட். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1910-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களுக்காக பேட்டரியில் வேலை செய்யும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி வண்டிகளில் ஒரே காயில்தான். அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் தடித்த ஹெச்.டி. ஒயர் போகும். உங்கள் வண்டியில் அப்படி இல்லை. மூன்று சிலிண்டர், மூன்று பிளக், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பேனா மாதிரி ஒரு காயில். எப்போது பொறி விட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு காயிலும் விநாடிக்கு 25 முறை பொறி விட வேண்டும். நடுவில் நான்கைந்து தவறினாலே உங்களுக்குக் குலுக்கல் தெரிந்துவிடும்.

(டீசல் வண்டிக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். டீசல் இன்ஜினில் காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது, பொறி தேவையில்லை. டிராக்டருக்குக் காயில் மாற்றினேன் என்று யாராவது பில் கொடுத்தால் என்னவென்று கேளுங்கள். எலிப் பகுதியை மட்டும் அவர்களும் படிக்கட்டும். எலிக்கு டீசல், பெட்ரோல் வித்தியாசம் கிடையாது.)

மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியை "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விடுவது நல்லதல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது. அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் அது பழுக்கக் காய்ந்து உள்ளேயே உருகிவிடும். காயிலின் விலையைப் போலப் பல மடங்கு செலவு அது. பணத்தைவிட நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. நம் வீடுகளில் சோளத்தட்டுப் போர் பக்கத்தில், காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்துகிறோம். அடியில் பழுத்த கன்வெர்ட்டரும் அதற்குக் கீழே காய்ந்த தட்டும் இருந்தால் தீப்பிடிக்க வேறு எதுவும் வேண்டாம். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். மினுக்கி மினுக்கி எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். சந்தை ஒரு நாள் போனால் போகட்டும்.

இனி, குற்றம் எங்கே என்று காசில்லாமல் கண்டுபிடிக்கும் வழி. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஏன் நெகட்டிவ் முதலில்? பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி வண்டியின் பாடியில் பட்டால் நேராக ஷார்ட் ஆகி, ஸ்பேனரே பழுத்துக் கையைச் சுடும். நெகட்டிவைக் கழற்றிவிட்டால் அந்தப் பயம் இல்லை. திருப்பி மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஏர்பேக் உள்ள வண்டியென்றால் கழற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்துவிட்டுக் கை வையுங்கள். கையில் மோதிரம், காப்பு வேண்டாம்.

காயில்களைச் சுற்றியுள்ள தூசியைப் பஞ்சர் கடைக் காற்றாலோ தூரிகையாலோ முதலில் சுத்தம் செய்துவிடுங்கள். காயிலை உருவினால் கீழே பிளக் குழி இருக்கிறது. அதற்குள் விழும் மண், பிளக்கைக் கழற்றினால் நேராக சிலிண்டருக்குள் போகும். நம் ஊர் மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. சில மாடல்களில் ஏர் பில்டர் டப்பாவையும் எடுத்தால்தான் காயில் கண்ணுக்குத் தெரியும்.

கனெக்டரைக் கழற்றுவதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. கனெக்டரின் மேல் ஒரு பூட்டு நாக்கு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் உடலைப் பிடித்துப் பின்னால் எடுங்கள். பத்து வருடச் சூட்டில் அந்த நாக்கு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் உடைந்துவிடும். உடைந்தால் கனெக்டர் பாதி கழன்றே நிற்கும், புது மிஸ்ஸிங் ஆரம்பமாகும். அப்புறம் காயிலைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டை எடுத்து, காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகிக்கொண்டே மேலே உருவுங்கள். ரப்பர் பூட் பிளக்கோடு ஒட்டியிருக்கும், வெறுமனே இழுத்தால் கிழியும்.

உருவியவுடன் பூட்டை முகர்ந்து, தடவிப் பாருங்கள். எண்ணெய் பிசுக்கு இருந்தால் டேப்பட் கவர் பேக்கிங் வழியாக இன்ஜின் ஆயில் பிளக் குழிக்குள் இறங்குகிறது என்று பொருள். எண்ணெயில் ஊறிய ரப்பர் கெட்டு, பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் பாயும். இந்த நிலையில் காயிலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை மாற்றிக்கொண்டே இருப்பதைப் போல. பேக்கிங்கைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பூட்டின் உடலில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் அந்தக் காயிலில் பொறி கசிகிறது, அது போய்விட்டது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா? இடம் மாற்றிப் பாருங்கள். பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் எந்த சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. முதல் சிலிண்டர் என்று காட்டினால் அதிலுள்ள காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதில் உள்ளதை முதலிலும் மாற்றிப் போடுங்கள். பழைய கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டருக்குப் போய்விட்டால் குற்றவாளி காயில்தான், அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். முதல் சிலிண்டரிலேயே நின்றால் காயில் நல்லது. அதே போலப் பிளக்கையும் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் ஒயர், இல்லாவிட்டால் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

இன்ஜின் ஓடும்போது காயிலைத் தூக்கி "பொறி வருதா" என்று பார்ப்பதும், பாடியில் உரசிப் பார்ப்பதும் கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அது காயிலைக் கெடுக்கும், கம்ப்யூட்டரையும் கெடுக்கலாம். பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைப் பக்கமே வர வேண்டாம்.

பிளக்கைத் திருப்பி மாட்டும்போது முதலில் கையால் மட்டும் திருகி உட்காரவைத்து, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்றுக்குள் இறுக்கினால் போதும். இன்ஜின் தலை அலுமினியம், பிளக் இரும்பு. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

இப்போது ஒயருக்கு வருவோம். ஒவ்வொரு காயிலுக்கும் பெரும்பாலும் மூன்று ஒயர் போகும். ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று கம்ப்யூட்டர் அனுப்பும் உத்தரவு. எலி இந்த மூன்றில் எதைக் கடித்தாலும் காயில் செத்தது போலத்தான் தெரியும். கறுப்பு நெளிகுழாயைப் பிரித்து, விரலால் தடவிக்கொண்டே போங்கள். கடித்த இடம் பளிச்சென்று செம்பு தெரிய இருக்கலாம். மேல்தோல் மட்டும் சுரண்டி, உள்ளே இழைகள் பாதி அறுந்தும் இருக்கலாம். காயில் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இன்ஜினுக்குப் பின்னால், பேட்டரித் தட்டின் கீழே, இன்ஜெக்டர் வரிசையில் எல்லாம் பாருங்கள். எலி ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போகிற பிராணி இல்லை.

அறுந்த இரண்டு முனையையும் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுவதுதான் ரோட்டோர வைத்தியம். வீடு வந்து சேர அது போதும், ஓடிக்கொண்டே இருக்கப் போதாது. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு கோடைக்குள் பிரிந்து தொங்கும். திறந்த செம்பு பாடியில் பட்டால் பியூஸ் போகும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதன் இடத்தில் செம்புக் கம்பியை வைத்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஷார்ட் ஆனால் பியூஸ் எரியாது, ஒயர் கட்டு முழுவதும் எரியும். கேஸ் கிட் போட்ட வண்டியில் இதைச் செய்வது பெருங்கொடுமை. எத்தனை ஆம்பியர் பியூஸ் இருந்ததோ அதே ஆம்பியர் மட்டும்தான்.

சரியான முறை இது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வண்டிக்கான ஒயர், அதே கனம், முடிந்தால் அதே நிறத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியது வேண்டாம், அதன் தோல் இந்தச் சூட்டையும் எண்ணெயையும் தாங்காது. கடிபட்ட பகுதியை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு தெரிகிற இடத்திலிருந்து புதுத் துண்டை இணையுங்கள். இணைக்கும் முன்பே சுருங்கும் ஸ்லீவை ஒயரில் கோத்துக்கொள்ளுங்கள். (இணைத்த பிறகுதான் பாதிப் பேருக்கு ஸ்லீவ் ஞாபகம் வரும்.) இணைப்பை கிரிம்ப் செய்யலாம், ஈயமும் வைக்கலாம். ஈயம் வைத்தால் அந்த இடம் விறைப்பாகிவிடும், ஆட்டத்தில் அதன் ஓரம் ஒடியும். அதனால் பக்கத்திலேயே ஒரு டை போட்டு அசையாமல் கட்டுங்கள். மூன்று ஒயரையும் ஒரே நேர்கோட்டில் இணைக்காமல் ஏற்றி இறக்கி இணைத்தால், நாளைக்கு ஸ்லீவ் கிழிந்தாலும் ஒன்றோடொன்று உரசாது. மேலே நெளிகுழாய், அதற்கு மேல் துணி டேப். சைலன்சர் குழாயைத் தொடாமல் ஒதுக்கிக் கட்டுங்கள்.

கனெக்டரே நசுங்கிவிட்டது என்றால் ஒயருடன் வரும் புது கனெக்டர் கிடைக்கிறது. கம்ப்யூட்டருக்குப் போகும் தடித்த கட்டையே எலி குதறியிருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் இருந்தால் அதைத் தொடவே கூடாது, அது உயிரை எடுக்கும் வோல்ட்டேஜ்.

செலவு பெரிதாக இருக்கும் என்று தெரிந்தால், பிரிக்கும் முன்பே போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். முழுக் காப்பீடு இருந்தால் எலிக்கடி அதில் வருமா என்று கேட்டுப் பார்க்கலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் சொந்த வண்டிக்கு எதுவும் கிடைக்காது.

இனி எலி. ஒயரை எலி பசிக்காகத் தின்பதில்லை. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் வாயை மூட முடியும். ஒயர் தோலில் சோயா கலந்திருப்பதால்தான் எலி வருகிறது என்று அமெரிக்காவில் கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். சோயா இல்லாத பழைய வண்டி ஒயரையும் எலி கடித்துக்கொண்டுதான் இருந்தது, அதனால் அந்த வாதத்தை நான் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. ஹோண்டா கம்பெனி அங்கே மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை ஒயரில் சுற்ற விற்கிறது. அது அர்த்தமுள்ள ஏற்பாடு.

உங்கள் பகுதிக்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். வீரபாண்டி சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுத் திண்ணையிலும், செட்டிலும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடக்கும். எலிக்கு அதைவிட நல்ல மெத்தை கிடையாது. துணுக்குத் துணுக்காக இழுத்துக்கொண்டு போய், சூடு ஆறாத இன்ஜின் மேல் கூடு கட்டும். அதில் குட்டி போடும், 21, 22 நாளில் அடுத்த ஈற்றுக்குத் தயார். பஞ்சுத் துணி, கடிபட்ட ஒயர், பக்கத்தில் பெட்ரோல் குழாய். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆகவே வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பஞ்சு, துணி, சருகு இருந்தால் எடுத்துவிடுங்கள். கை துடைக்கிற வேஸ்ட்டை பானட்டுக்குள் செருகி வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன மூட்டைக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்துகிறார்கள். மக்காச்சோளம் அறுத்துக் குவித்த களத்திலும் அதே நிலைமைதான். காட்டில் இரை தீர்ந்ததும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வளையில் தண்ணீர் ஏறியதும் எலி வீட்டுப் பக்கம் வரும். தீவனமும் தானியமும் மூடியுள்ள தகர டிரம்மில் இருக்கட்டும். வண்டி அதிலிருந்து தள்ளி, சுற்றிலும் செடி, விறகு இல்லாத வெட்ட வெளியில் நிற்கட்டும். செட்டுக்குள் நிறுத்துவதென்றால் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் சந்துகளை அடையுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டிதான் எலிக்கு நிரந்தர வீடு. புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் இரண்டு மூன்று நாள் வேலை செய்யும், பிறகு எலி பழகிக்கொள்ளும். நாப்தலின் புகை ஏர் வழியாக உள்ளே வரும், குழந்தைகள் உட்காரும் வண்டிக்கு அது ஆகாது. கீச்சென்று ஒலி எழுப்பும் கருவிகளுக்கும் எலி பழகிவிடுகிறது.

பொறிதான் நல்லது. தஞ்சாவூர் கிட்டியைக் காட்டில் வையுங்கள், வீட்டருகில் அடிப்பொறியோ கூண்டோ போதும். வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில், சுவர் ஓரமாக வைக்க வேண்டும். எலி சுவரை உரசிக்கொண்டேதான் போகும். விஷம் வைத்தே ஆக வேண்டும் என்றால் புரோமடையலோன் 0.25 சதத் தூளில் 2 பங்கு, நொறுக்கிய தானியம் 96 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு கலந்து, குழாய்த் துண்டுக்குள் வையுங்கள். குழந்தையும் கோழியும் நாயும் எட்டாத இடமாக இருக்கட்டும். பானட்டுக்குள் விஷத்தை வைக்காதீர்கள். டாஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் ஒரு மாதம் வண்டியில் ஏற முடியாது. விஷம் தின்ற எலியை ஆந்தையோ பூனையோ தின்றால் அதுவும் போகும், நமக்குச் சம்பளமில்லாமல் எலி பிடிக்கிற ஆட்கள் அவை. எலிப் பேஸ்ட் என்று பெட்டிக்கடையில் விற்ற மஞ்சள் பாஸ்பரஸ் பசையை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. ஈரலைத் தின்றுவிடும் விஷம் அது. அதனால்தான் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. பழைய டியூப் ஏதாவது பரணில் இருந்தால், பிள்ளைகள் கையில் கிடைக்கும் முன் அப்புறப்படுத்துங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே உடம்புக்குள் போய்விடும். ஒயரில் கை வைக்கும் முன் ரப்பர் கையுறை போடுங்கள். கூட்டையும் புழுக்கையையும் உலர்ந்தபடி பெருக்கவோ காற்றடிக்கவோ வேண்டாம், தூசி மூக்கில் ஏறும். பேட்டரி கழற்றிய நிலையில், ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துணியை நனைத்துத் துடைத்து எடுங்கள். கனெக்டர் மேல் ஊற்றாதீர்கள். மேலே சொன்ன பஞ்சர் கடைக் காற்றெல்லாம் இதற்குப் பிறகுதான். வேலை முடிந்து சில நாளிலோ இரண்டு மூன்று வாரத்துக்குள்ளோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், எலி அசுத்தத்தைச் சுத்தம் செய்தேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்த வழியில் யோசிப்பார்.

"முதுகில் மாட்டும் பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை. புது பிளக் போட்டும் பொறி வரவில்லை. கடையில் காயில் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?"

– வாசகர், பொங்கலூர்.

போயிருக்கலாம். ஆனால் வாங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். இதில் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சுற்றும் சக்கரத்தில் காந்தம் பதித்திருக்கிறது. அது காயிலைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் கரண்ட் பிறக்கிறது. காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஆன்–ஆப் சுவிட்சுக்குப் போகும். சுவிட்சை ஆப் செய்தால் அந்த ஒயர் பாடியைத் தொடும், பொறி நிற்கும், இன்ஜின் அணையும். மருந்துத் தண்ணீர் பட்டுப் பட்டு அந்தச் சுவிட்ச் அரித்துப்போனாலோ, ஒயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டாலோ, சுவிட்ச் ஆனில் இருந்தும் இன்ஜினுக்கு ஆப் போலத்தான்.

அந்த மெல்லிய ஒயரைக் காயில் பக்கத்தில் கழற்றிவிடுங்கள். பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடலை இன்ஜினின் வெறும் இரும்பில் படவைத்து, பெட்ரோல் டேங்க்குக்கும் பிளக் ஓட்டைக்கும் தள்ளி வைத்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். பிளக்கை ரப்பர் பிடியுள்ள குறடால் பிடிக்க வேண்டும். நீலமாகப் பொறி வந்தால் காயில் நல்லது, சுவிட்சையோ ஒயரையோ மாற்றினால் போதும். வரவில்லை என்றால் காயிலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான சிறு இன்ஜினில் 0.3 மி.மீ. அளவில் இருக்கும், ஒரு விசிட்டிங் கார்டின் கனம். இரண்டு ஸ்குரூவைத் தளர்த்தி, நடுவில் கார்டை வைத்து, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்ததும் ஸ்குரூவை இறுக்கி, கார்டை உருவிவிடுங்கள். சக்கரத்தில் துரு இருந்தால் முதலில் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இவ்வளவு செய்தும் பொறி இல்லை என்றால் கடைக்காரர் சொன்னது சரிதான். மாடல் எண்ணைக் காட்டி அதற்கான காயிலையே வாங்குங்கள்.

சுவிட்ச் ஒயரைக் கழற்றிய நிலையில் இன்ஜின் ஓடிவிட்டால் சுவிட்சால் அதை அணைக்க முடியாது. சோக்கை முழுக்க மூடினால் நின்றுவிடும். அந்த நிலையில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போக வேண்டாம். சுவிட்சைச் சரிசெய்த பிறகுதான் காட்டுக்குள் இறங்க வேண்டும்.